ஜெபக் குறிப்புக்கு ஐந்தாண்டு டைரி: வாங்கும்போதும் எழுதும்போதும்

கர்த்தர் செய்த நன்மைகளை எழுதி வைக்க எத்தனையோ நோட்டுகள் கிடைக்கின்றன. எங்கள் தேர்வு ஐந்தாண்டு டைரி. தேதிக்கு ஒரு பக்கம், அதில் வருடத்துக்கு ஒரு கட்டம். இன்றைக்கு எழுதத் திறந்தாலே போன வருடம் இதே நாளில் எழுதியது கண்ணில் படும். சாதாரண நோட்டில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் திரும்பிப் படிப்பதில்லை. கஷ்டம் வந்த பிறகு தேடி எடுக்க மனதில் தெம்பும் இருக்காது.

ஏ5 அளவே சரி. 21 செ.மீ. உயரத்தில் தேதி, ஓரம் போக ஒரு வருடத்துக்குச் சுமார் மூன்றரை செ.மீ., அதாவது நான்கைந்து வரி கிடைக்கும். ஏ6 மிகவும் நெருக்கம். 366 பக்கங்களை ஐந்து வருடம் தினமும் விரிக்க வேண்டும் என்பதால் நூல் தைத்த பைண்டிங்கா என்று பாருங்கள். வெறும் பசை போட்டது முதுகில் பிளந்து தாள் கழன்றுவிடும். தாளின் கனம் 80 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைந்தால் ஜெல் பேனா மறுபக்கம் தெரியும், பால்பாயிண்ட் பிடியுங்கள். ஆண்டு அச்சிடாத டைரி என்றால் எந்த மாதத்திலும் தொடங்கலாம்.

‘இன்று நன்றி சொல்ல மூன்று காரியங்கள்’ என்று அச்சிட்டவற்றைத் தவிர்க்கலாம். சீக்கிரமே சுகம், சாப்பாடு, குடும்பம் என்று ஒரே பதில் சுற்றிச் சுற்றி வரும்.

டைரி எவ்வளவு நல்லதானாலும் பலன் எழுதும் விதத்தில்தான். ‘கர்த்தர் நல்லவர்’ என்று மட்டும் எழுதினால் மூன்று வருடம் கழித்து அது எதையும் நினைவூட்டாது. என்ன தேவை இருந்தது, எந்த நாள் கெடு, யார் கையால் உதவி வந்தது என்று எழுதுங்கள். பதில் வராத ஜெபத்துக்கு ஓரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பதில் வந்த அன்று வட்டத்தை நிரப்பி, அந்தத் தேதியையும் பக்கத்தில் குறியுங்கள். நிரம்பாத வட்டங்களும் இருக்கும். அவற்றை அழிக்க வேண்டாம்.

துக்க நாளில் வலிந்து ஸ்தோத்திரம் எழுதத் தேவையில்லை. 77-ஆம் சங்கீதம் புலம்பலில்தான் தொடங்குகிறது. கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன் என்பது 11-ஆம் வசனத்தில்தான் வருகிறது. அதே வரிசையில் முதலில் பாரத்தை எழுதி, கடைசி வரியில் முன்பு அவர் நடத்திய ஒரே ஒரு காரியத்தை எழுதினால் போதும்.

முதல் வருடம் திரும்பிப் படிக்க ஒன்றுமிராது என்பது இதன் பெரிய குறை. தேதி தெரிந்த பழைய சாட்சிகளை, சுகமான நாள், வேலை கிடைத்த நாள் என்று, அந்தந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தில் ஆண்டோடு முதலிலேயே எழுதிவிடுங்கள். பிரிந்தவரின் நினைவு நாள் வரும் பக்கம் கனக்கும். அன்றைக்கு வீட்டில் ஒருவரோடு சேர்ந்து படிப்பது நல்லது.

விட்டுப்போன நாட்களை ஒரே மூச்சில் நிரப்பப் பார்க்கிறவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் நிறுத்துகிறார்கள். அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே இருக்கட்டும், அடுத்த வருடம் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். தினமும் பக்கம் பக்கமாக ஜெபத்தை எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது போதாது. அவர்கள் தனி நோட்டு வைத்துக்கொண்டு, நடந்ததை மட்டும் இதில் இரண்டு வரியாகச் சேர்க்கலாம்.