பெர்லின் 24 மணி நேர டிக்கெட்: சுவர் நின்ற தடத்தில் ஒரு நாள்

நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்திருந்த பெர்லின் சுவரின் தடத்தைப் பார்க்கக் கையில் ஒரே ஒரு நாள், காசும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும் என்றால், ஏ.பி. மண்டலத்துக்கான (அதாவது நகர எல்லைக்குள் செல்லும்) 24 மணி நேர டிக்கெட் ஒன்று போதும். சுவர் சம்பந்தமாகப் பார்க்க வேண்டிய முக்கியமான இடங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் நுழைவு இலவசம். போக்குவரத்தும் சாப்பாடும்தான் செலவு. அதற்கும் மேலாக, இந்த ஊரின் ரயில் தடங்களே பிரிவினையின் மிச்சம். கிழக்கு எது, மேற்கு எது என்பதை வரைபடத்தைவிட யூ 8 பாதாள ரயில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

முதலில் டிக்கெட். ஒற்றைப் பயண டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். ஆனால் ஒரே திசையில்தான் போகலாம், வந்த வழியே திரும்பக் கூடாது. 24 மணி நேர டிக்கெட்டின் விலை மூன்று ஒற்றை டிக்கெட்டுகளின் விலையைவிடச் சற்றுக் குறைவு, அதனால் மூன்றாவது பயணத்திலேயே கணக்கு நேராகிவிடும். கீழே சொல்லும் வழியில் ஐந்தாறு முறையாவது ஏறி இறங்க வேண்டியிருக்கும். எஸ்-பான் (நகர ரயில்), பாதாள ரயில், டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் 24 மணி நேர டிக்கெட் செல்லும். மண்டலத்துக்குள் ஓடும் ஆர்.இ., ஆர்.பி. வட்டார ரயில்களிலும் ஏறலாம். ஐ.சி.இ. போன்ற தொலைதூர ரயில்களுக்கும், இரட்டை மாடி சுற்றுலா பஸ்களுக்கும் செல்லாது.

ஜெர்மனியிலேயே படிப்பவர்களிடம் செமஸ்டர் கட்டணத்தோடு வரும், நாடு முழுவதும் உள்ளூர்ப் போக்குவரத்துக்குச் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் இதை வாங்கவே வேண்டாம், அதுவே போதும். அது இல்லாதவர்களுக்குத்தான் இந்த 24 மணி நேர டிக்கெட்.

தவறு நடப்பது மூன்று இடங்களில். ஒன்று, காகித டிக்கெட்டை முத்திரை குத்தாமல் ஏறுவது. இயந்திரத்தில் வாங்கிய டிக்கெட்டை நடைமேடையில் இருக்கும் சிறு பெட்டியின் வாயில் நுழைத்தால் தேதியும் நேரமும் பதியும், 24 மணி நேரம் அந்த நொடியிலிருந்துதான் ஓடும். டிராமிலும் பஸ்ஸிலும் அந்தப் பெட்டி வண்டிக்குள் இருக்கும். குத்திய பிறகு எழுத்து தெரிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள், மை வற்றிய பெட்டிகள் உண்டு. பெர்லினில் நுழைவாயில் தடுப்பு கிடையாது, ஆனால் சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள். முத்திரை இல்லாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் அவர்களுக்கு ஒன்றுதான், 60 யூரோ அபராதம். இரண்டாவது, செயலியில் வாங்குபவர்கள் வண்டி ஏறிய பின் வாங்குவது. அதுவும் செல்லாது. மூன்றாவது, விமான நிலையம். அது நகரத்துக்கு வெளியே, சி மண்டலத்தில் இருக்கிறது, ஏ.பி. டிக்கெட்டோடு அங்கே போனால் அபராதம்தான். அந்த ஒரு பயணத்துக்கு நீட்டிப்பு டிக்கெட் தனியாகக் கிடைக்கும்.

இன்னொன்று, திங்கட்கிழமை வேண்டாம். கீழே வரும் கண்ணீர் மாளிகையும் பெர்னவர் ஸ்ட்ராசெயின் ஆவண மையமும் அன்று மூடியிருக்கும்.

காலையை பிரீட்ரிஷ்ஸ்ட்ராசெ நிலையத்தில் தொடங்கலாம் (ஸ்ட்ராசெ என்றால் தெரு). நிலையத்தை ஒட்டி நிற்கும் கண்ணாடிக் கட்டடம்தான் ட்ரேனென்பலாஸ்ட், அதாவது கண்ணீர் மாளிகை. கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்கள் சோதனைக்குப் போன கூடம் அது, 1962இல் கட்டியது. வழியனுப்ப வந்தவர்கள் அழுததால் வந்த பெயர். உள்ளே அந்தக் காலத்துப் பாஸ்போர்ட் சோதனைக் கூண்டு அப்படியே இருக்கிறது. ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் குறுகல், அதிகாரியின் மேடை உயரம், கதவு அவர் திறந்தால்தான் திறக்கும். அதற்குள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மொத்தம் முக்கால் மணி நேரம் போதும்.

தமிழர்கள் இந்த நிலையத்தை வேறு காரணத்துக்காகவும் பார்க்க வேண்டும். 1980களில் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, டிரான்சிட் விசாவில் பிரீட்ரிஷ்ஸ்ட்ராசெ வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்து அடைக்கலம் கேட்டார்கள். நகரைப் பிரித்த கோட்டை மேற்கு அரசு நாட்டு எல்லையாக ஏற்கவில்லை, அதனால் அந்தப் பக்கம் வழக்கமான எல்லைச் சோதனை இல்லை. 1985இல் மேற்கு கொடுத்த நெருக்கடியால் கிழக்கு அரசு தமிழர்களுக்கு அந்த விசாவை நிறுத்தியது. தன் மக்களை வெளியே விடாத சுவரில் நம்மவர்களுக்கு ஒரு வாசல் சில காலம் திறந்திருந்தது. ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழர் பலரின் குடும்பக் கதை இந்த நடைமேடைகளில்தான் தொடங்குகிறது.

இங்கிருந்து பாதாள நடைமேடைக்கு இறங்கி வடக்கே போகும் எஸ் 1, எஸ் 2, எஸ் 25, எஸ் 26 எதில் ஏறினாலும் இரண்டாவது நிறுத்தம் நோர்ட்பான்ஹோஃப். பிரீட்ரிஷ்ஸ்ட்ராசெ ஒரு குழப்பமான நிலையம். மேலே ஓடுவது கிழக்கு மேற்காகப் போகும் தடம், கீழே இருப்பது வடக்கு தெற்குத் தடம், யூ 6 தனிச் சுரங்கம். பலகையைப் பார்த்து இறங்குங்கள். நோர்ட்பான்ஹோஃப் அந்நாளில் பேய் நிலையம். மேற்கிலிருந்து கிளம்பி கிழக்கின் அடியில் புகுந்து மறுபடி மேற்கில் வெளிவரும் ரயில்கள், இடையில் மூடிக்கிடந்த இந்த நிலையங்களில் நிற்காமல் மெதுவாகக் கடந்தன. மங்கிய விளக்கொளியில் காவலர்கள் மட்டும் நின்றார்கள். நிலையத்துக்குள்ளேயே இதைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது. அவசரமாக வெளியேறிவிடாதீர்கள்.

வெளியே வந்ததும் பெர்னவர் ஸ்ட்ராசெ நினைவிடம், 1.4 கிலோமீட்டர். நாளின் பெரும்பகுதியை இங்கே கொடுங்கள், இரண்டரை மணி நேரம் குறைந்தபட்சம். இந்தத் தெருவின் ஒரு பக்க வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை, வாசலில் இருந்த நடைபாதை மேற்கைச் சேர்ந்தது. 1961 ஆகஸ்ட் 13 அன்று எல்லை மூடப்பட்டதும் ஜன்னல் வழியே குதித்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று அப்படிக் குதித்த இடா ஸீக்மான் இறந்தார், சுவரின் முதல் பலி அவர். இடிக்கப்பட்ட வீடுகளின் எல்லையும், அடியில் தோண்டிய சுரங்கங்களின் வழியும் தரையில் குறிக்கப்பட்டிருக்கின்றன. 1964இல் ஒரே சுரங்கத்தில் 57 பேர் தப்பினார்கள்.

சுவர் இல்லாத இடங்களில் அதே கோட்டில் துருப்பிடித்த இரும்புக் கம்பங்கள் வரிசையாக நிற்கும். நேராக நின்று பார்த்தால் இடைவெளி தெரியும், நடுவே புகுந்து போகலாம். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கம்பங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவராகிவிடும். மிச்சமிருக்கும் உண்மையான சுவரின் அருகே போய்ப் பாருங்கள்: ஒவ்வொரு கான்கிரீட் பலகையும் 3.6 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், தலையில் உருண்டைக் குழாய். கை பிடிமானம் கிடைக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. எதிரே ஆவண மையத்தின் கோபுரத்தில் ஏறினால்தான் சுவர் என்பது ஒரு சுவர் இல்லை என்று புரியும். முன்சுவர், காவல் கோபுரம், விளக்கு வரிசை, ரோந்துப் பாதை, பின்சுவர் என்று ஒரு பட்டையே இருக்கிறது. பலர் கீழேயே படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள், அது பெரிய இழப்பு. குறைந்தது 140 பேர் இந்தச் சுவரால் உயிரிழந்தார்கள். இங்கே இறந்தோரின் படங்கள் வைத்த சட்டத்தின் முன் சத்தமாகப் பேசாதீர்கள்.

நடந்து முடிக்கும் இடத்தில் யூ 8இன் பெர்னவர் ஸ்ட்ராசெ நிலையம். அப்படியே தெற்கே போகாமல், ஒரு நிறுத்தம் வடக்கே வோல்டாஸ்ட்ராசெ போய்த் திரும்பி ஏறுங்கள். ஒற்றை டிக்கெட்டில் செய்யக் கூடாதது இது. வோல்டாஸ்ட்ராசெ மேற்கு, அடுத்த ஆறு நிலையங்களும் பேய் நிலையங்களாக இருந்தவை, மோரிட்ஸ்பிளாட்ஸ் மறுபடி மேற்கு. ஆறில் ஒன்றான அலெக்சாண்டர்பிளாட்ஸில் இறங்கிப் பாருங்கள். அதே நிலையத்தின் மற்ற தடங்களில் கிழக்கு மக்கள் தினமும் ஏறி இறங்கினார்கள், இந்த நடைமேடைக்கு வரும் வழிகளை மட்டும் அடைத்துவிட்டார்கள்.

அதே யூ 8இல் தெற்கே தொடர்ந்து போனால் வரும் கோட்புசர் டோரில் மதியச் சாப்பாடு. துருக்கியர் கடைகள் நிறைந்த பகுதி. சைவம் என்றால் ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை உருண்டை), ஹலூமி (பாலாடைக்கட்டி) கேட்கலாம். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், சூப்பர் மார்க்கெட்டில் கொடுத்தால் 25 சென்ட் திரும்ப வரும்.

அங்கிருந்து யூ 1 அல்லது யூ 3. பாலத்தின் மேல் ஸ்ப்ரே ஆற்றைக் கடந்து வார்ஷவர் ஸ்ட்ராசெ. பிரிவினையில் தடம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஷ்லேசிஷஸ் டோரோடு நின்றது, 1995இல்தான் மறுபடி இணைந்தது. இங்கே ஆறு முழு அகலத்துக்கும் கிழக்கைச் சேர்ந்திருந்தது. மேற்குக் கரையில் விளையாடி விழுந்த ஐந்து சிறுவர்கள் 1966க்கும் 1975க்கும் இடையில் மூழ்கி இறந்தார்கள், மேற்கின் மீட்பாளர்கள் தண்ணீரில் இறங்க முடியவில்லை.

அருகிலேயே, மிச்சமிருக்கும் சுவரில் ஓவியங்கள் தீட்டிய ஈஸ்ட் சைட் கேலரி, 1.3 கிலோமீட்டர். ஓவியங்கள் முதலில் 1990இல் வரைந்தவை. ஓவியப் பக்கம் வடகிழக்கைப் பார்ப்பதால் மதியத்துக்குப் பின் நிழலில் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அப்போது இந்த இடத்தைக் காலையில் வையுங்கள். பெர்னவர் ஸ்ட்ராசெயிலிருந்து எம் 10 டிராம் நேராக இங்கேதான் வரும். வார இறுதியில் தடம் பழுதுபார்ப்பு அடிக்கடி நடக்கும், மாற்று பஸ் விட்டால் பாதி மணி நேரம் கூடும். அந்த நாளில் டிராம்தான் நம்பகம்.

புகழ்பெற்ற எல்லை வாசலான செக்பாயின்ட் சார்லியை விட்டுவிடலாம். இப்போது நிற்கும் காவல் கூண்டு நகல்.

கேலரியின் மறுமுனைக்கு அருகிலுள்ள ஓஸ்ட்பான்ஹோஃபில் எஸ்-பான் ஏறி, பிரீட்ரிஷ்ஸ்ட்ராசெயில் மாறி, போர்ன்ஹோல்மர் ஸ்ட்ராசெயில் இறங்குங்கள். 1989 நவம்பர் 9 இரவு முதலில் திறந்த வாசல் இது. கூட்டம் பெருகி, மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு வராமல், பொறுப்பில் இருந்த ஹரால்ட் யேகர் கதவைத் திறக்கச் சொன்னார். பின்சுவரின் ஒரு துண்டும் விளக்கப் பலகைகளும் மட்டுமே இருக்கின்றன, சுற்றுலாக் கூட்டம் குறைவு. இரும்புப் பாலத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக நடந்து கடக்கச் சில நிமிடம்தான் ஆகும், கீழே எஸ்-பான் போய்க்கொண்டிருக்கும்.