குளோரின் "இல்லை" என்று சொல்லி மேலும் குளோரினை விற்ற கடை: வீட்டில் நீச்சல் குளம் இருப்பவர்கள் படிக்கவும்

முழுசாக ஒரு மாதச் சம்பளம் போயிருக்கிறது. கோபம் ஆறும் முன்பே எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் விட்டுத் தொலை என்று விட்டுவிடுவேன்.

குளத்தில் இறங்கி வந்தால் பிள்ளைகளுக்குக் கண் சிவந்து எரிகிறது, தோல் அரிக்கிறது, நீச்சலுடை எல்லாம் வெளுத்துப் போகிறது. என்ன ஏது என்று பார்க்கலாம் என ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, குளத்துக்கான ரசாயனங்கள் விற்கும் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் என் முன்னாலேயே சின்னக் குப்பியில் தண்ணீரை ஊற்றி, மாத்திரை போட்டுக் குலுக்கினார். ஒரு நொடி ரோஸ் நிறம் தெரிந்தது, உடனே பளிங்கு மாதிரி தெளிந்துவிட்டது. "பாருங்க மேடம், குளோரினே சுத்தமா இல்ல, அதான் கிருமி வந்து கண்ணு எரியுது" என்றார். கண்ணெதிரே சோதித்துக் காட்டுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? அவ்வளவு நிதானமாக, அவ்வளவு அக்கறையாகப் பேசினார். ஷாக் பவுடர் (ஒரேயடியாகக் குளோரினை ஏற்றுகிற தூள்), மிதக்கும் டப்பாவில் போடுகிற குளோரின் மாத்திரை, வெயிலில் குளோரின் வீணாகாமல் இருக்க ஸ்டெபிலைசர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அங்கேயே காலி.

அந்த ரோஸ் நிறம் வந்து மறைந்ததில்தான் விஷயமே இருக்கிறது. அவர் குப்பியில் போட்ட டிபிடி என்ற சோதனை மாத்திரை குளோரின் இருந்தால் ரோஸ் ஆகும், ஆனால் குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் அந்த நிறத்தையே வெளுத்துவிடும், பார்க்கிறவருக்கு பூஜ்யம் போலத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

அவர் சொன்னபடி எல்லாம் போட்டதும் குளத்துப் பக்கம் போனாலே மூக்கும் தொண்டையும் எரிய ஆரம்பித்தது. போன் செய்தால் "மோட்டாரை ஓட விடுங்க மேடம், சரியாயிடும்". மறுபடி கேட்டால் "உங்க தண்ணி அப்படி". அப்புறம் "டெக்னீஷியன் கூப்பிடுவார்". ஒருவரும் கூப்பிடவில்லை. நேரில் போய் நின்றதும் பேச்சு அப்படியே மாறியது: குளோரின் அதிகமாம், குறைக்க நியூட்ரலைசர் வேண்டுமாம்! அதற்கும் காசு. எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டேன், "முழுப் பையையும் கொட்டுங்க" என்றார்கள். அதோடு ஒரு மாதச் சம்பளம் கணக்கு முடிந்தது.

பையைப் பிரிக்கும் முன்பு, குளப் பராமரிப்பில் வேலை செய்த உறவினர் ஒருவர் வந்து பார்த்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு பங்கு குளத்துத் தண்ணீருக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து சோதித்தார். 3 காட்டியது. பத்தால் பெருக்கினால் குளோரின் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு). இருக்க வேண்டியது 1 முதல் 3 வரை! பையில் இருந்தது சோடியம் தையோசல்ஃபேட், முழுவதையும் கொட்டியிருந்தால் இருக்கிற குளோரின் மொத்தமும் போய், மிஞ்சியது தண்ணீரிலேயே தங்கி அடுத்து போடுகிற குளோரினையும் தின்றிருக்கும், குளம் பச்சையாகியிருக்கும். ஸ்டெபிலைசர் வேறு தன் பங்குக்கு, வெயில் குளோரினைக் குறைப்பதைத் தடுத்துக்கொண்டிருந்தது. அது தானாகப் போகாது, தண்ணீரை மாற்றித்தான் குறைக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "பிரிச்ச பொருளை எடுக்க மாட்டோம்". பிரிக்காத பையையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு மாதச் சம்பளம், அவர்களுக்கு அது ஒரு பில், அவ்வளவுதான்.

அதிகமான குளோரினைக் குறைப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் மிதக்கும் டப்பாவை வெளியே எடுங்கள், குளத்து மூடியைத் திறந்து வெயில் படவிடுங்கள், பம்ப் ஓடட்டும். ஸ்டெபிலைசர் இல்லாத குளம் என்றால் நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் இறங்கிவிடும். அவசரம் என்றால் பாதித் தண்ணீரை மாற்றினால் அளவும் பாதியாகும், ஆனால் முழுக் குளத்தையும் காலி செய்யாதீர்கள், அடியில் நிலத்தடி நீர் அழுத்தினால் தொட்டியே தூக்கிக்கொள்ளும் அல்லது விரிசல் விடும். நியூட்ரலைசர் போட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் குளத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதில் பாதி மட்டும் போட்டு, காத்திருந்து, மறுபடி சோதியுங்கள். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) சோதனையைக் குளோரின் அளவு இறங்கிய பிறகு செய்யுங்கள், குளோரின் இவ்வளவு இருக்கும்போது அதுவும் தப்பாகக் காட்டும். ஆசிட்டையும் குளோரினையும் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். இரண்டு வகைக் குளோரினை ஒரே டப்பாவில் போடாதீர்கள், தீப்பிடிக்கும். குளோரின் 4 பிபிஎம்முக்குக் கீழே வரும்வரை பிள்ளைகளை இறக்கவே இறக்காதீர்கள்.

கடையில் யாராவது சோதித்து "குளோரின் இல்லை" என்றால், நீர்க்கச் செய்து இன்னொரு தடவை சோதிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பர்ஸை எடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.