லோக் அதாலத்: வங்கிக் கடன் தகராறுக்குப் போய் வந்த அனுபவம்

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். பவர் மெஷினும் ஓவர்லாக்கும் வாங்க 2019-ல் ஒரு வங்கியில் 1,50,000 ரூபாய் பர்சனல் லோன் எடுத்தேன். கொரோனாவில் கடை மூடிக் கிடந்த ஆறு மாதம் டியூவைத் தள்ளி வைத்தார்கள். அந்த வட்டியும் கடனோடு சேர்ந்துகொண்டது. அப்புறம் டியூ தவறிய ஒவ்வொரு மாதமும் அபராதம். 2024 ஆகஸ்டில் வந்த நோட்டீஸில் பாக்கி 94,600 ரூபாய் என்று இருந்தது. என் கணக்கில் அசல் பாக்கி 41,000தான். வசூலுக்கு வந்த தம்பியிடம் இரண்டு தடவை 5,200 ரூபாய் கையில் கொடுத்திருந்தேன். அது வங்கிக் கணக்கில் ஏறவே இல்லை.

செப்டம்பர் 14 லோக் அதாலத்துக்கு (நீதிபதி முன்னால் இரண்டு தரப்பும் பேசிச் சமரசம் செய்துகொள்ளும் மக்கள் நீதிமன்றம்) வரச் சொல்லித்தான் அந்த நோட்டீஸ். பயந்துபோய், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு முதலில் போனேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்கிறார்கள் (15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்). வக்கீலம்மா சொன்ன முதல் வேலை, வங்கியில் முழு ஸ்டேட்மென்ட் வாங்குவது. அதோடு என் ரசீதுகளை வைத்து வரி வரியாகப் பார்த்தோம். வசூல்காரர் இடுப்பு மெஷினிலிருந்து கிழித்துக் கொடுத்த சீட்டு ஒன்று முழுசாக வெளுத்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் ‘52’ என்று நிழல் மாதிரி தெரியும், அவ்வளவுதான். நல்லவேளை, இரண்டையும் வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்திருந்தேன்.

இடையில் ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் போன் வரும். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டு அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. அதைச் சொன்னேன். ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். இரண்டு வாரத்தில் ராத்திரி போன் நின்றது.

லோக் அதாலத் அன்றைக்குப் பத்து மணிக்கே போனேன், இரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். வங்கி அதிகாரி 80,000-ல் ஆரம்பித்தார். ஜெராக்ஸை நீட்டினேன். யாருக்கோ போன் போட்டு ரசீது எண்ணைச் சொல்லிக் கேட்டார். பிறகு, “சரி மேடம், இந்த ரெண்டையும் கழிச்சுக்கிறோம். 62,000, இன்னைக்கே கட்டினால்தான்” என்றார். நான் தடுமாறியபோது நீதிபதி ஐயா, “அம்மா, சம்மதம் இல்லைன்னா கையெழுத்துப் போட வேண்டாம். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது” என்றார். அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் எனக்குக் குரல் வந்தது. கடைசியில் 46,000, இரண்டு தவணை. கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை.

அங்கே எழுதும் உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் வங்கி பின்னால் வந்து பேச்சு மாற முடியாது. நாம் தவணை தவறினால் வங்கியும் அதே உத்தரவை வைத்து நேராகக் கோர்ட்டில் நிறைவேற்றக் கேட்கலாம். கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள்.

எனக்குக் குறையாகப் பட்டது ஒன்று. குறைத்துக் கட்டினால் சிபிலில் (வங்கிகள் பார்க்கும் நம் கடன் வரலாற்றுப் பதிவு) ‘செட்டில்டு’ என்றுதான் விழும், முழுசும் கட்டினால்தான் ‘குளோஸ்டு’. அடுத்த கடன் கேட்கும்போது இது கண்ணில் படும். அந்த மேஜையில் யாரும் இதைச் சொல்லவில்லை. வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்ததால் தெரிந்தே ஒப்புக்கொண்டேன்.

பணம் கட்டி முடித்த பிறகும், பாக்கி இல்லை என்று தரும் நோ டியூ கடிதத்துக்கு இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. சிபிலில் பழைய பாக்கி அப்படியே நின்றது. புகார் கொடுத்து 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதியைக் கடிதத்தில் குறிப்பிட்டேன். மூன்றாவது வாரம் திருத்திவிட்டார்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. போகிறவர்கள் ஸ்டேட்மென்ட், ரசீது ஜெராக்ஸ், ஆதார், சாப்பாடு எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். அந்த வெளுத்த சீட்டு இன்னும் என் அளவு நோட்டுக்குள் இருக்கிறது. ‘52’ம் இப்போது தெரிவதில்லை.