டபுள் எலக்ட்ரிக் பிரெஸ்ட் பம்ப் ரிவ்யூ: மோட்டார் ஓகே, கூட வந்த ஃபிளாஞ்ச் தான் வேஸ்ட்

முதல்லயே சொல்லிடறேன், பம்ப் நல்லா இருக்கு, தைரியமா வாங்கலாம். ஆனா பாக்ஸ்ல கூட வர்ற ஃபிளாஞ்ச், அதான் மார்ல வைக்கிற புனல், அது 24, 28 மிமீ ரெண்டு சைஸ் மட்டும் தான் குடுக்குறாங்க, எனக்கு ரெண்டுமே பெருசு. ஸ்கேல் வச்சு காம்போட அகலத்தை மட்டும் அளக்கணும், சுத்தி இருக்குற கருவட்டத்தை சேர்க்கக் கூடாது. எனக்கு 17 மிமீ வந்துச்சு, புனலுக்குள்ள சொருகி அளவை சின்னதாக்குற சிலிகான் இன்சர்ட் ஒண்ணு 19 மிமீல தனியா வாங்கி போட்டதும் அதே மெஷின்ல வலியும் போச்சு, பாலும் சீக்கிரம் இறங்குச்சு. கருவட்டமும் சேர்ந்து உள்ள இழுபட்டா சைஸ் பெருசுனு அர்த்தம், காம்பு ஓரத்துல உரசி எரிஞ்சா சின்னது. ரெண்டு பக்கமும் ஒரே சைஸா இருக்கணும்னு கூட இல்ல. பம்ப் சரியில்லனு ரிவ்யூல திட்டுற பாதி பேருக்கு பிரச்சனை இதுவா தான் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ரெண்டு மோடு இருக்கு. முதல்ல வேகமா லேசா இழுக்கும், குழந்தை வாய் வச்சதும் படபடன்னு சப்புமே அதே மாதிரி, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல பால் இறங்க ஆரம்பிச்சதும் அடுத்த மோடுக்கு மாத்தினா மெதுவா ஆழமா இழுக்கும். பால் நின்னுடுச்சுனு உடனே கழட்டிடாதீங்க, திரும்ப முதல் மோடு போட்டா பல நேரம் இன்னொரு தடவை இறங்கும். இந்த பம்ப்ல அது ஒரே பட்டன், அரைத்தூக்கத்துல கூட தடவி அமுக்கிடலாம், எனக்கு இதுல ரொம்ப புடிச்சதே அது தான். லெவல் 9 வரைக்கும் இருக்கு, நான் 4 தாண்டுறதே இல்ல. வலிக்க வலிக்க ஏத்தினா பால் நிறைய வராது, வலியில உடம்பு இறுகிப் போய் இறங்குற பாலும் நின்னுடும். கையால லேசா அமுக்கி விட்டுக்கிட்டே எடுங்க, அதுக்கு தான் பலன் ஜாஸ்தி.

இது க்ளோஸ்டு சிஸ்டம், அதாவது பாலுக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, டியூப்குள்ள பால் போய் பூஞ்சை புடிக்கிற தொல்லை இல்ல. வாங்கும்போது வேற எதை பாக்குறீங்களோ இல்லையோ இதை பாருங்க. "ஹாஸ்பிட்டல் கிரேடு"னு பாக்ஸ்ல பெருசா போட்டிருக்குறதை நம்பி காசு குடுக்காதீங்க, மருத்துவக் கருவிகளை கண்காணிக்கிற அமெரிக்கா எஃப்டிஏலயே அதுக்கு ஒரு வரையறை கிடையாது, எந்த கம்பெனி வேணா போட்டுக்கலாம். புனலுக்கு அடியில இருக்குற வெள்ளை சிலிகான் வால்வு கொஞ்ச நாள்ல தளர்ந்துடும், அப்போ இழுவை குறையும், நாம என்னமோ பாலே வத்திப் போச்சுன்னு அழுதுட்டு உக்காந்திருப்போம். ஸ்பேர் எப்பவும் கையில வச்சுக்கோங்க.

அக்கா கிட்ட ப்ராக்குள்ளயே வச்சுக்கிற வேரபிள் பம்ப் இருக்கு, அதையும் வாங்கி போட்டு பார்த்தேன். வயர் இல்ல, நடமாடலாம், அதெல்லாம் சூப்பர், ஆனா குனிஞ்சா சிந்துது, காம்பு நடுவுல உக்காந்திருக்கானு கண்ணுக்கு தெரிய மாட்டேங்குது, எனக்கு பாலும் கம்மியா தான் வந்துச்சு. ரெண்டாவது பம்ப்பா வச்சுக்கலாம், அதை மட்டுமே நம்பி வேலைக்கு போறது எனக்கு சரியா படல.

பால் குறையுதுன்னு கேக்குறவங்களுக்கு, மெஷினை விட எத்தனை தடவை எடுக்குறோம்ங்கிறது தான் கணக்கு. மார்ல பால் தேங்கி நின்னா உடம்பு போதும்னு நினைச்சு சுரப்பை குறைச்சுக்கும், காலி ஆக ஆக திரும்ப ஊறும், அவ்ளோ தான். பொறந்த புதுசுல குடிக்கிறது, எடுக்குறது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 8லேருந்து 12 தடவை, அப்புறம் வேலையில இருக்கும்போது குழந்தை குடிக்கிற ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தடவை. பால் சுரக்க வைக்கிற ப்ரோலாக்டின் ராத்திரியில தான் ஜாஸ்தி, அதனால ஆரம்பத்துல ராத்திரி வேளையை முழுசா விட்டுடாதீங்க. குறைஞ்ச மாதிரி இருந்தா பவர் பம்பிங், 20 நிமிஷம் எடுத்து 10 ரெஸ்ட், 10 எடுத்து 10 ரெஸ்ட், மறுபடி 10, தினம் ஒரு தடவை, பலன் தெரிய சில நாள் ஆகும். நேரடியா குடிக்கிற குழந்தைக்கு நடுவுல எடுத்தா ரெண்டு பக்கமும் சேர்த்து 15லேருந்து 60 மில்லி வந்தாலே நார்மல், பாட்டில் பாட்டிலா ஃப்ரீசர் ரொப்புற வீடியோவை பாத்து மனசை கெடுத்துக்காதீங்க. தேவைக்கு மேல எடுத்துக்கிட்டே போனாலும் வம்பு தான், பால் ஜாஸ்தியாகி கட்டிக்கும், வீக்கம் காய்ச்சல்னு வந்தா டாக்டர் கிட்ட தான் ஓடணும். குழந்தை வெயிட் ஏறலனாலும் பம்ப்பை நோண்டாம டாக்டரை பாருங்க.

கழுவுறதுக்கு பார்ட்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி, எரிச்சலா தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் தனி பாத்திரத்துல சோப்பு தண்ணி போட்டு கழுவி காய வைக்கணும், சிங்க்ல நேரா போடாதீங்க. எடுத்த பால் 25 டிகிரி வரைக்கும் வெளியில 4 மணி நேரம், ஃபிரிட்ஜ்ல 4 நாள், ஃப்ரீசர்ல 6 மாசம் வரைக்கும் நல்லா இருக்கும்.

எப்பவாவது வெளிய போக ஒரு பாட்டில் எடுத்து வைக்கணும்னா இவ்ளோ பெரிய மெஷினே வேணாம், கையால அமுக்குற மேனுவல் பம்ப் தாராளமா போதும். அப்புறம் செகண்ட் ஹேண்ட் பத்தி, வீட்டுக்கு வாங்குற பம்ப் பொதுவா ஒருத்தருக்கு தான், யாரோ யூஸ் பண்ணினதை வாங்காதீங்க, செலவு குறைக்கணும்னா பல பேர் யூஸ் பண்றதுக்குனே செஞ்ச பெரிய பம்ப்பை வாடகைக்கு எடுத்து, மார்ல படுற கிட்டையும் டியூபையும் மட்டும் நமக்குனு புதுசா வாங்கிக்கலாம்.