பிரெஞ்சு நகைச்சுவை இயக்குநர் ஜாக் தாத்தியின் மொத்தப் படங்களும் ஒரே பெட்டியில், வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், ஆனால் முதலில் உங்கள் ப்ளூ-ரே பிளேயரைப் பாருங்கள். ப்ளூ-ரே உலகை ஏ, பி, சி என்று மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது, ஒரு மண்டலத்துக்கான டிஸ்க் பொதுவாக இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாது. பழைய படங்களை டிஸ்க்கில் கொண்டுவரும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் 2014-இல் வெளியிட்ட இந்த ஏழு டிஸ்க் பெட்டி அமெரிக்காவுக்கான ஏ மண்டலத்துக்கு உரியது, இந்தியா சி மண்டலம், அதனால் எல்லா மண்டல டிஸ்க்கையும் ஓட்டும் பிளேயர் இல்லையென்றால் காசு வீண்.

சரி, படங்களுக்கு வருவோம். 1949-லிருந்து 1974 வரை தாத்தி எடுத்த முழுநீளப் படங்கள் ஆறே ஆறு. ஆறும் இதில் இருக்கின்றன, கூடவே ஏழு குறும்படங்கள். அவர் படங்களில் வசனம் கிட்டத்தட்ட முணுமுணுப்புதான். குளோசப் என்பதே அபூர்வம், கேமரா தள்ளியே நிற்கும், எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் காதுதான் கண்ணுக்குச் சொல்லும். தாத்தியே நடிக்கும் யூலோ என்ற பாத்திரம் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போகும் 1953 படத்தில், ஓட்டல் சாப்பாட்டுக்கூடத்தின் கதவு ஒவ்வொரு முறை ஆடும்போதும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும், நாலாவது முறை கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கதவைத் தவிர அங்கே எதுவுமே நடக்கவில்லை.

பெட்டியின் உயிர் 'பிளேடைம்' (1967). பாரிஸின் ஓரத்தில் கண்ணாடியும் இரும்புமாக ஒரு நகரத்தையே செட் போட்டு 70 எம்.எம்.-இல் எடுத்தார். படம் ஓடவில்லை, கடனில் மூழ்கி, வீட்டையும் தன் படங்களின் உரிமையையும் இழந்தார். அந்த ரெஸ்டாரன்ட் காட்சியில் கண்ணாடிக் கதவு உடைந்துபோன பிறகும், காவலாள் வெறும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இல்லாத கதவைத் திறந்து திறந்து மூடுவான், வருகிறவர்களும் மரியாதையாக அதன் வழியாகவே நுழைவார்கள். இவ்வளவு அழகான ஒரு யோசனைக்காக ஒரு மனிதர் தெருவுக்கு வந்தார் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஆஸ்கர் வாங்கிய 'மோன் ஓன்கிள்' (1958) எல்லாருக்கும் பிடிக்கும், முக்கியமான விருந்தாளி வந்தால் மட்டும் தண்ணீர் பீய்ச்சும் அந்தத் தோட்டத்து மீன் நீரூற்று ஒன்றே போதும். 'டிராஃபிக்' சுமார், கடைசிப் படமான 'பராட்' எனக்கு ஒட்டவில்லை.

முதல் படமான தபால்காரன் கதையை தாத்தி வண்ணத்தில்தான் எடுத்தார். அந்த வண்ண ஃபிலிமைக் கழுவி எடுக்க வழி தெரியாமல், பாதுகாப்புக்காக இன்னொரு கேமராவில் எடுத்திருந்த கறுப்பு-வெள்ளையை 1949-இல் வெளியிட்டார்கள். அவர் இறந்த பிறகு 1990-களில் மகள் சோஃபி வண்ணத்தை மீட்டார். இரண்டும் பெட்டியில் உண்டு. வண்ணத்தில் பாருங்கள், மங்கலான கிராமத்தில் திருவிழாவின் நிறங்கள் மட்டும் துள்ளி நிற்கும்.

பார்க்கும் வரிசை: முதலில் கடற்கரைப் படம், அப்புறம் 'மோன் ஓன்கிள்', அதன்பிறகு 'பிளேடைம்'. அதை வீட்டிலேயே பெரிய திரை எதுவோ அதில் போடுங்கள். மறுமுறை பார்க்கும்போது நடுவில் இருப்பவர்களை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் கவனியுங்கள், நான் அப்படித்தான் பாதி நகைச்சுவையைக் கண்டுபிடித்தேன்.