27 இஞ்சி மேசை: ஓடாவியிடமா, ஷோரூமிலா?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி என்று கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய மேசை தேடுகிறீர்கள் என்றால், ஷோரூமில் தவணைக்குத் தருகிற சிப்போர்ட் மேசையை விட்டுவிட்டு ஓர் ஓடாவியிடம் (தச்சரிடம்) போங்கள். காசு கூடப் போகும், சொன்ன நாளில் சாமான் கைக்கு வராது, பொலிஷ் ஷோரூம் அளவுக்கு மினுங்காது. அப்படியிருந்தும் போங்கள். நான் செய்வித்த மேசை இரண்டு மாரியைக் கண்டுவிட்டது, அதனால் புதுச் சாமான் வந்த சந்தோசத்தில் எழுதுகிற விமர்சனம் இல்லை இது.

எனக்குக் கொழும்புக் கம்பனி ஒன்றின் கணக்கு வேலை. நாள் முழுக்க எக்செல், நடுவில் சூம் கோல், மாதக் கடைசியில் இரவும் சேரும். இவ்வளவு நேரம் இருந்து வேலை செய்கிறவர்களுக்கு மேசையின் அழகைவிட உயரம்தான் முக்கியம், ஆனால் அதைப் பற்றிக் கடையில் யாரும் கதைப்பதில்லை. கடை மேசை அநேகமாக 29, 30 இஞ்சி உயரத்தில்தான் வரும். அது எழுதுவதற்கு, அதுவும் நல்ல உயரமான ஆளுக்குச் சரி. ஐந்தடி சொச்சம் உயரமுள்ள ஒரு பெண் அதில் கீபோர்டை வைத்துத் தட்டினால் தோள் இரண்டும் தானாக மேலே ஏறும், பின்னேரம் ஆகும்போது கழுத்தடி பிடித்துக்கொள்ளும். கதிரையை உயர்த்தினால் கால் நிலத்தில் முட்டாது, தொடைக்குக் கீழே மரத்துப்போகும், பிறகு காலுக்கு ஒரு கட்டை தேட வேண்டும். நிமிர்ந்து இருந்து, கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கினால் எந்த உயரத்தில் வருகிறதோ அதுதான் கீபோர்ட் இருக்க வேண்டிய மட்டம். எனக்கு அது 26 இஞ்சிக்குக் கொஞ்சம் மேலே. பலகையின் தடிப்பு, தொடைக்கு இடம் எல்லாம் பார்த்து 27 என்று முடிவெடுத்தேன்.

காத்தான்குடியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்னப் பட்டறை ஒன்றில்தான் சொல்லிச் செய்வித்தேன். (பெயர் போடவில்லை, கீழே குறையும் சொல்லப்போகிறேன்.) அளவைக் கேட்டதும் ஓடாவி நானா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "எல்லாருக்கும் முப்பதுதான் மகள், நீங்க என்ன இருபத்தேழு எங்கிறீங்க? பிள்ளைக்கா?" என்றார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து காட்டியதும் மறுபேச்சில்லை, குறித்துக்கொண்டார். ஷோரூமில் இது நடக்காது. அங்கே மேசைக்குத்தான் நாம் அளவு.

மரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், காசு போவது அங்கேதான். தேக்கு என் கைக்கு எட்டவில்லை. மலைவேம்பு மலிவு, பாரமும் குறைவு, ஆனால் மெதுவான மரம், பேனையை அழுத்தி எழுதினாலே தடம் விழும். மஹோகனி நடுவில் நின்றது, அதுவும் நன்றாகக் காய்ந்த பலகை அடுக்கில் இருந்தது. காயாத பலகையில் செய்தால் எந்த மரமும் வளையும், அதனால் விலையைக் கேட்க முதல் "எப்ப அறுத்த பலகை?" என்று கேளுங்கள். நம்முடைய ஊரில் மழை பெரும்பாலும் ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கும், பிறகு ஜூன், ஜூலையில் கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வந்து இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். பலகை நீளவாக்கில் அவ்வளவு மாறாது, அகலவாக்கில்தான் மாறும், இரண்டடி அகல மேல்பலகை ஒரு வருசத்துக்குள் சில மில்லிமீற்றர் கூடிக் குறையும். நானா மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டவில்லை, நீள் ஓட்டை போட்டு அதற்குள் திருகாணியை விட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "மாரிக்கு ஊதும், கச்சானுக்கு வத்தும். இறுக்கினா வெடிச்சிரும்." இந்த ஒரு வேலைக்காகவே அவருக்கு முழுப் புள்ளியும் கொடுப்பேன்.

சிப்போர்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், காய்ந்து இருக்கும்வரை. மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகை அது, மேலே மெலமைன் ஒட்டியிருக்கும். ஓரப்பட்டி ஓரிடத்தில் கிளம்பி அந்த வழியாக ஈரம் உள்ளே போனால் பொதும்பிவிடும், பிறகு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. ஒரு தடவை கழற்றிய திருகாணி மறுகாப் பிடிக்காது. எங்கள் பக்கம் உப்புக்காற்று வேறு, அந்த மேசைகளின் மினுங்குகிற இரும்புக் கால்களில் துரு ஏறுவதைப் பார்க்க ஒரு மாரியே போதும்.

இனிக் குறைகள். இரண்டு கிழமை என்று சொன்னவர் எடுத்தது அதைப்போல இரண்டு மடங்கு. போன் பண்ணினால் "நாளைக்கு வார்னிஷ் அடிக்கிற" என்ற ஒரே பதில்தான், அந்த நாளை பல தடவை வந்து போனது. மேசையின் மேல்பக்கத்தை வடிவாகத் தேய்த்து வார்னிஷ் அடித்திருந்தார், அடிப்பக்கம் வெறும் பலகை. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற கணக்கு. ஆனால் ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் ஈரம் மற்றப் பக்கத்தால் ஏறும், பலகை கிண்ணிபோலக் குழியும். திருப்பி அனுப்பி அடிப்பித்தேன், முகத்தைக் கொஞ்சம் சுழித்தார், அடித்துத் தந்தார். லாச்சிதான் (இழுப்பறை) பெரிய ஏமாற்றம். கோடையில் செய்த லாச்சிக்கு இடைவெளி போதவில்லை, டிசம்பர் மழைக்கு இறுகி இரண்டு கையாலும் இழுத்தால்தான் வரும். மழை விட்டதும் ஆளைக் கூப்பிட்டுச் சீவுளி போடவைத்தேன், இப்போது பரவாயில்லை. உங்களுக்கு லாச்சி கட்டாயம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள், காசும் மிச்சம்.

மேசையை எங்கே போடுவது? வீட்டுக்கு வருகிற எல்லாரும் யன்னலுக்கு நேரே போடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கிழக்கு யன்னல், கடல் பக்கம், காலை பத்து மணிவரை வெயில் நேரே கண்ணில். யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் வெயில் ஸ்க்ரீனில். அதனால் யன்னல் இடது பக்கம் வருகிற மாதிரி, சுவரோடு போட்டிருக்கிறேன். வெளிச்சமும் உண்டு, பின்னேரக் கடற்காற்றும் உண்டு. மேற்கு யன்னலைக் கச்சான் காலத்தில் திறப்பதே இல்லை, திறந்தால் கீபோர்ட் முழுக்கப் புழுதி. மேசை ஃபேனை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள், கோலில் மற்றப் பக்கம் இருப்பவருக்குப் புயல் அடிப்பதுதான் கேட்கும். காலடியில் வைத்துப் பாருங்கள்.

கரண்ட் விசயத்தில் 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டிய காலம் போய்விட்டது, ஆனாலும் நம்பியிருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடு முழுக்க இருண்டதே! லெப்டொப் பேட்டரியில் ஓடும், நின்றுபோவது ரௌட்டர்தான். அதற்கு மினி யூபிஎஸ் என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது, இந்த அறையில் காசுக்கு அதிகம் பயன் தந்த சாமான் அதுதான். வாங்கும்போது பெட்டியில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 8800 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, பெருக்கினால் 32 வாட் மணிதான் வரும். ரௌட்டர் 8 வாட் இழுத்தால் கழிவு போக மூன்று மணித்தியாலம் சொச்சம். ரௌட்டர் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று அடப்டரில் பார்த்துவிட்டுப் போங்கள்.

பழைய வீடு என்றால் சுவரில் உருண்டை முள் சொக்கெட் இருக்கும், இப்போது வருகிற பிளக் சதுர முள். இடையில் மலிவு அடப்டர் ஒன்றைக் குத்தி அதில் எல்லாவற்றையும் தொங்கவிடுவதைவிட ஓர் எலெக்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தோடு 13 அம்பியர் சொக்கெட் இரண்டு போடுவித்துவிடுங்கள். சார்ஜ் போட்டிருக்கும்போது லெப்டொப்பின் உலோக உடம்பில் கை பட்டால் விறுவிறுக்கிறதா? எர்த் இல்லாவிட்டால் அப்படித்தான்.

கதிரைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரெக்சின் வேண்டாம், முதுகு வேர்க்கும், பிறகு தோல் உரியும். வலை முதுகு போட்ட சாதாரணக் கதிரை போதும்.

மேசைக்கு 46,000 ரூபா முடிந்தது, நாலரை அடிக்கு இரண்டடி, ஏற்றுக்கூலி புறம்பு. அதே அளவில் சிப்போர்ட் மேசை 30,000 சொன்னார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கால் நாலையும் போல்ட் போட்டுக் கழற்றுகிற மாதிரிச் செய்யச் சொல்லுங்கள். என்னுடையது ஒரே கட்டாக வந்தது, முன்கதவைக் கழற்றித்தான் உள்ளே எடுத்தோம்.