கறுத்தக்கொழும்பானைப் பூக்க வைக்கும் போத்தல்: வாங்கலாமா?

மாமரத்தைப் பூக்க வைக்கும் இந்த மருந்து (பக்லோபியூட்டிரசோல்) வேலை செய்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் எல்லா வளவுக்கும் இது ஆகாது. விற்கிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

கறுத்தக்கொழும்பான் மாமரம் வைத்திருப்பவர்களுக்கு அதன் குணம் தெரியும். ஒரு வருடம் கொப்பு முறியக் காய்க்கும். அடுத்த வருடம் இலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். காய்க்காத மரத்தில் பழைய செருப்பும் விளக்குமாறும் கட்டிப் பார்த்த சனம் நாங்கள். (என் மாமிக்கு இன்றைக்கும் அதில்தான் நம்பிக்கை.) இப்போது அந்த இடத்துக்கு வந்திருப்பது பக்லோபியூட்டிரசோல். மரத்தை நீட்டி வளரவைக்கும் ஜிபரலின் என்ற ஓமோன் உருவாவதை இது தடுக்கிறது. மரம் கொப்பு எறிவதைக் குறைத்துவிட்டுப் பூக்கத் தயாராகிறது. இது உரமில்லை. பசியில் நிற்கிற மரத்துக்கு ஊற்றினால் அது இன்னும் சோர்ந்துபோகும்.

நாங்கள் வாங்கியது 25 வீத மருந்துள்ள வெள்ளைத் திரவம். மரத்தின் விரிவை குறுக்காக அளந்து, ஒரு மீற்றருக்கு 4 மில்லிலீற்றர், அதாவது 1 கிராம் மருந்து என்பது கணக்கு. 6 மீற்றர் விரிந்த மரத்துக்கு 24 மில்லி. மீசாலைக் காணியில் எங்களுக்கு நாலு மரம். 100 மில்லிக்குள் முடிந்துவிடும். கடையில் இருப்பதோ ஒரு லீற்றர் போத்தல்.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். "அக்காவுக்கு உடைச்சுத் தாறன்" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் வெறும் சோடாப் போத்தல் ஒன்றைக் கழுவப் போனார். லேபல் இல்லை, அளவு இல்லை, அதைச் சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிகிற வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்! 2021 இல் விவசாய இரசாயன இறக்குமதித் தடை வந்து, அதே வருடம் நவம்பரில் நீங்கியது. மருந்துக்குத் தட்டுப்பாடு வந்த அந்த நேரத்தில் பிடித்த பழக்கமோ தெரியாது, அதற்கு முதலே இருந்ததோ. எதுவானாலும் அந்தக் கடைக்கு என்னிடம் நட்சத்திரம் இல்லை. பக்கத்துக் காணிக்காரரோடு பங்கு போட்டு, மூடி உடைக்காத போத்தலை வேறு இடத்தில் வாங்கினோம். அதிலும் அளவுக் கோப்பை இல்லை. பாமசியில் 20 மில்லி சிரிஞ்சு வாங்கித்தான் அளந்தோம்.

பூ தை, மாசியில் என்றால் மருந்து குறைந்தது மூன்று நாலு மாதம் முந்திப் போகவேண்டும். ஆவணி, புரட்டாதியில் இங்கே நிலம் வெடித்துக் கிடக்கும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேருக்குப் போய்ச் சேராது. முதல் நாள் நன்றாக இறைத்து, அடிமரத்தைச் சுற்றி ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, தண்ணீரில் கரைத்துச் சுற்றிவர ஊற்றி மண்ணால் மூடினோம். மாரி மழை தொடங்கிய பிறகு ஊற்றினால் காசை வெள்ளத்தில் விட்ட கணக்குத்தான்.

மார்கழி முடிய முன்னமே பூ வந்துவிட்டது. கொப்பு நுனிகளைப் பார்த்தாலே மருந்தின் கைவரிசை தெரிந்தது: கணுக்கள் நெருங்கி, இலைகள் ஒரே இடத்தில் குவிந்து, பூங்கொத்தும் கட்டையாக, அடர்த்தியாக இருந்தது. அந்த அடர்த்திக்குள் காற்றுப் போகாது. மாம்பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துவெட்டிப் பூச்சிக்குச் சொந்த வீடு மாதிரி. பனிக்காலத்தில் தூள்பூஞ்சண நோயும் சேர்ந்துகொள்ளும். அதற்கு வேறு மருந்து, வேறு செலவு. ஆனாலும் சாவகச்சேரிச் சந்தையில் மாம்பழம் குவிய முதல் எங்கள் பழம் போய்ச் சேர்ந்தது, நல்ல விலையும் கிடைத்தது. ருசியில் வித்தியாசம் தெரியவில்லை.

கோப்பாய் வீட்டு வளவில் நிற்கிற மரத்துக்கு ஒரு சொட்டும் ஊற்றவில்லை, இனியும் ஊற்ற மாட்டேன். இந்த மருந்து மண்ணில் மாதக்கணக்காக நிற்கும், சில மண்ணில் வருடம் தாண்டியும் இருக்கும். கோப்பாயில் மேலே செம்மண், கீழே வெடிப்பும் ஓட்டையுமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக நேரம் எடுக்காது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை, பெரும்பாலும் குடிக்கிறது கிணற்றுத் தண்ணீர். தோட்டத்து உரத்தால் கிணறுகளில் நைத்திரேற்று கூடிப்போன பிரச்சினையே தீரவில்லை, அதற்கு மேல் இதையும் சேர்ப்பதா? மரத்தடியில் கத்தரியோ மிளகாயோ வைத்தால் அதுவும் கட்டையாகிவிடும் என்பது இன்னொரு தொல்லை. கிணறும் மரமும் ஒரே வளவில் இருந்தால் இந்தப் போத்தலை வாங்காதீர்கள், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கட்டும்.

காணியில் போடுகிறவர்கள் வருடா வருடம் அதே அளவை ஊற்ற வேண்டாம். முதல் வருடத்து மருந்து மண்ணில் மிச்சமிருக்கும்; அடுத்த முறை குறைக்கவேண்டும். எவ்வளவு குறைப்பது என்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், கடைக்காரரை அல்ல. இளம் மரத்துக்கும் நோய்பிடித்த மரத்துக்கும் வேண்டவே வேண்டாம். கூடிப்போய் மரம் குறண்டி நின்றால் ஜிபரலிக் அமிலம் தெளித்து மீட்கலாம், அதுவும் செலவுதான்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். 100 மில்லிப் போத்தலில், அளவுக் கோப்பையோடு, தமிழ் எழுத்தைக் கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடிய லேபலோடு விற்றால் நாலு கொடுப்பேன்.